சீட்டில் வந்த பெயர்

நான் எங்கள் பிரதேச சபைக்குத் தவிசாளர் ஆகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் கடற்கரையில் இன்றைக்கும் என்னைத் "தவிசாளர் அக்கா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். புதிதாக மீன் எடுக்க வரும் வியாபாரிகள் அதை நம்பி, வீதி விளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை என்று என்னிடம் முறையிடுகிறார்கள். நானும் கேட்டுக்கொள்கிறேன். தோற்றுப்போன நாளில் கிடைத்த பட்டம் அது, எளிதில் விட்டுவிட மனம் வரவில்லை.

எங்கள் ஊர் மன்னார்த் தீவில், ஓலைத்தொடுவாய்க்குக் கிட்ட இருக்கிறது. என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறார். நான் வீட்டில் இருந்து தைக்கிறேன். பள்ளிக்கூடச் சீருடை, சட்டை, திருநாள் நெருங்கினால் சேலைக்குப் பிளவுஸ். ஊர்ப் பெண்கள் எல்லோருடைய அளவும் என்னிடம் இருப்பதால் என்னோடு யாரும் பகைத்துக்கொள்வதில்லை. பிரதேச சபைத் தேர்தலுக்கு ஒரு சுயேச்சைக் குழு எங்கள் பக்கத்தில் ஆள் சேர்த்தபோது, பெண்களும் பட்டியலில் இருந்தே ஆக வேண்டும் என்ற சட்டத்துக்காக என்னைத் தேடி வந்தார்கள். "அக்காவுக்கு எதிரியே இல்லை" என்று குழுத் தலைவர் சொன்னார். அவர் படகு எஞ்சின் திருத்துகிறவர். கையில் எண்ணெய்க் கறையோடுதான் வந்திருந்தார். என் வெள்ளைச் சீருடைத் துணியில் அந்தக் கையை வைத்துவிடுவாரோ என்ற பயத்தில்தான் நான் சீக்கிரமாக ஓம் என்றேன் என்று வீட்டுக்காரர் இப்போதும் பகிடி பண்ணுவார்.

உண்மையான காரணம் என் மச்சாள், வீட்டுக்காரருடைய தங்கை.

மச்சாளுக்குக் கடற்கரையில் வேலை. படகுகள் வந்ததும் வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றிக் கொடுக்கிற பெண்களில் அவளும் ஒருத்தி. விடியப் போனால் வெயில் உச்சிக்கு ஏறியபிறகுதான் வருவாள். அத்தனை நேரமும் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டாள். அவள் மட்டுமல்ல, அங்கே எந்தப் பெண்ணும் குடிக்கமாட்டாள். ஏனென்றால் அந்தக் கரையில் பெண்களுக்குக் கக்கூஸ் இல்லை. ஆண்களுக்குப் பனங்கூடல் இருக்கிறது. பெண்கள் என்ன செய்வார்கள் என்று யாரும் கேட்டதில்லை. மச்சாள் ஒரு பெரிய பிளாஸ்க் நிறையத் தேத்தண்ணி கொண்டுபோய்ப் படகுக்காரர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுப்பாள். தனக்கு ஒரு மிடறும் எடுக்கமாட்டாள்.

அதன் பலனாக இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சலக்கடுப்பு, காய்ச்சல், நடுக்கம். இரண்டாவது தடவை நான் பக்கத்தில் இருந்தபோது டொக்டர் வந்து, "தண்ணி நிறையக் குடியுங்கோ அம்மா, இப்பிடியே விட்டால் சிறுநீரகம் பழுதாப்போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மச்சாள் சேலைன் ஏறுகிற கையைப் பார்த்துக்கொண்டு, "அவருக்கென்ன, அவர் வேலை செய்யிற இடத்தில கதவு போட்ட அறை இருக்கு" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் நிலைத்தது. குழுத் தலைவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். கடற்கரையில் பெண்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டுவீர்களா? அவர் காது சிவக்க, "அதெல்லாம் பாத்துக்கொள்ளலாம் அக்கா" என்றார். நான் கையெழுத்து வைத்தேன்.

தேர்தல் முடிந்தது. ஒருவருக்கும் பெரும்பான்மை இல்லை. சபையில் மொத்தம் இருபத்தொரு பேர். ஒரு பக்கம் ஒன்பது, மறுபக்கம் ஆறு, எங்கள் சுயேச்சைக் குழுவுக்கும் ஆறு. சனங்கள் வாக்குப் போட்டாயிற்று, இனித் தவிசாளர் யார் என்பதை உறுப்பினர்கள் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் குறையவில்லை.

முதலில் வந்தவர் ஐஸ் பக்டரி முதலாளி. அவர்தான் ஆறு பேர் இருந்த கட்சியின் ஆள். கலகலப்பான மனிதர், கதைத்தால் நேரம் போவது தெரியாது. வரும்போது ஒரு பெட்டி நிறைய ஐஸ் போட்டு, நல்ல அறுக்குளா மீன் கொண்டுவந்தார். மீன் பிடிக்கிறவன் வீட்டுக்கு மீன். என் வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்து, "இது முந்தநாள் நான் வித்த மீன் போல கிடக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். முதலாளியும் விழுந்து விழுந்து சிரித்தார். நான் கடற்கரை விஷயத்தைச் சொன்னேன். "அது சின்ன விசயம் தங்கச்சி! நான் வந்தால் ரெண்டு கிழமை வேலை" என்றார்.

அடுத்ததாக ஓய்வுபெற்ற அதிபர் வந்தார், ஒன்பது பேர் இருந்த கட்சிக்காரர். அவர் ஒன்றும் கொண்டுவரவில்லை, பேச்சைத் தவிர. சரித்திரம் படிப்பித்தவர். கதிரையில் நிமிர்ந்து இருந்துகொண்டு, "பிள்ளை, இது புதுசில்லை. அமெரிக்காவில அந்தக் காலத்தில சில மாநிலங்களில ஆளுநர் தேர்தலில ஒருவருக்கும் பாதிக்கு மேல வாக்கு விழாட்டில், சட்டசபை கூடித்தான் ஆளைத் தெரிவு செய்யும். சனம் ஒண்டு நினைக்கும், சபை இன்னொண்டு நினைக்கும். அங்கேயும் இதே மாதிரி வீடு வீடாத் திரிஞ்சிருப்பினம்" என்றார். நான் தையல் மெஷினைப் பார்த்தேன். கொலர் வைக்காத பதினைந்து சட்டைகள் எனக்காகக் காத்திருந்தன. அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் கடற்கரை விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தக் கோரிக்கை பரிசீலிக்கப்படும்" என்றார். இந்த மனிதரிடம் இனி ஒன்றும் பெயராது என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

இப்படி இருவரையும் பார்த்த பிறகு எங்கள் குழு கூடியது. தலைவருக்கு இரண்டு பக்கமும் உப தவிசாளர் பதவி தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவருக்கு எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியவில்லை. கடைசியில், முதல் சுற்றில் எங்களில் ஒருவரையே நிறுத்துவோம், நிலவரம் தெரிந்தபிறகு பார்ப்போம் என்று முடிவானது. சரி, யார் நிற்பது? ஐந்து ஆண்களும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். "தோக்கிறதுக்கு ஆர் நிக்கிறது?" என்று ஒருவர் முணுமுணுத்தார். பிறகு ஐந்து பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். "அக்கா நிக்கட்டும்" என்றார் தலைவர், பெரிய மனது பண்ணி.

எங்கள் கடற்கரைக்கு இந்தக் கதை போய்ச் சேரும்போது, தோற்பதற்கு என்ற பகுதி வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. நான் தவிசாளருக்கு நிற்கிறேன் என்பது மட்டும் போய்ச் சேர்ந்தது. தெரிவு நடந்த காலையில் நண்டு கழற்றுகிற பெண்கள் ஒரு சின்ன லொறியைப் பிடித்து, கூட்டம் நடக்கும் சபைக் கந்தோருக்கே வந்துவிட்டார்கள். மச்சாள் முன்னால் நின்றாள். கையில் மாலை இருந்தது. கோயில் திருநாளில் மிஞ்சிய சீனவெடிக் கட்டும் ஒரு பையில் இருந்தது, அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கரையில் கரைவலை இழுக்கிற சம்மாட்டிமார், அதாவது வலைச் சொந்தக்காரர்கள், பல பேர். கடல் ஒன்று. யார் முதலில் வலை வளைப்பது என்று சண்டை வராமல் இருக்க, பருவம் தொடங்கும்போது கோயில் முன்னால் எல்லோரும் கூடுவார்கள். பெயர்களைத் துண்டு துண்டாக எழுதிச் சுருட்டிப் போட்டு, பங்குச் சுவாமி செபம் சொல்லிவிட்டு ஒன்றை எடுத்து வாசிப்பார். யாருடைய பெயர் வருகிறதோ அவருக்கு முதல் பாடு. அந்தப் பெயரை வாசித்து முடிக்கும் முன்பே சீனவெடி வெடிக்கும். எங்கள் ஆட்களுக்குச் சீட்டில் பெயர் வந்தால் வென்றதாகத்தான் அர்த்தம். வேறு அர்த்தம் இருக்கலாம் என்று அவர்கள் வாழ்நாளில் நினைத்துப் பார்த்ததில்லை.

மண்டபத்துக்குள், தெரிவை நடத்துகிற உள்ளூராட்சி உதவி ஆணையாளர் வந்து கூட்டத்தைத் தொடங்கினார். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட, எழும்பி நின்று தாங்கள் விரும்பும் ஆளின் பெயரைச் சொன்னார்கள். அதிபருக்கு ஒன்பது, முதலாளிக்கு ஆறு, எனக்கு ஆறு. ஒருவரும் கட்சி தாண்டவில்லை. எனக்கு நானே வாக்குப் போட்டபோது வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஆணையாளர் சட்டத்தை வாசித்து விளக்கினார். ஒருவருக்கும் பாதிக்கு மேல் இல்லை. ஆகவே குறைந்த வாக்குப் பெற்றவர் விலக வேண்டும். குறைந்த இடத்தில் இரண்டு பேர் சமமாக நிற்பதால் சீட்டுப் போடப்படும். சீட்டில் எவருடைய பெயர் வருகிறதோ அவர் போட்டியிலிருந்து நீக்கப்படுவார். மிஞ்சியவருக்கும் அதிபருக்கும் இடையில் இரண்டாம் சுற்று நடக்கும். இதெல்லாம் மிகவும் தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் மெல்லிய குரல். மேலே மின்விசிறி கடகடவென்று அடித்தது. யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்ற மச்சாளுக்கு ஒரு வார்த்தையும் கேட்டிருக்காது. ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் இரண்டு துண்டுகளைப் போட்டு ஆணையாளர் குலுக்கியது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. அந்தக் குலுக்கலை அவள் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள்.

கந்தோர்ப் பெண் ஒருத்தி துண்டை எடுத்தாள். ஆணையாளர் அதை விரித்து, இந்தத் தடவை மட்டும் உரத்த குரலில், என் பெயரை வாசித்தார்.

நான் அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சைத் திரும்ப எடுக்கவில்லை, அதற்குள் வெளியே சீனவெடி வெடிக்கத் தொடங்கியது. ஒரு முழுக் கட்டு. யன்னல் வழியாகப் புகை உள்ளே வந்தது. ஆணையாளர் காதைப் பொத்திக்கொண்டு இருமினார். உறுப்பினர் ஒருவர் மேசைக்குக் கீழே போய்விட்டார், அவர் யார் என்று சொல்லமாட்டேன். வெடிச் சத்தத்துக்கு மேலால் மச்சாளின் குரல் கேட்டது.

"மச்சாள்! வெண்டிட்டாய்! வெண்டிட்டாய் மச்சாள்!"

மண்டபம் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். யன்னலுக்கு வெளியே பார்த்தேன். பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள். ஒரு அக்கா சிலுவை போட்டு வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். நண்டு முள் கிழித்த விரல்களால் மச்சாள் எனக்கு மாலையை ஆட்டி ஆட்டிக் காட்டினாள். உள்ளே இருந்த ஐந்து ஆண்களும் தோற்பதற்கு என்று நிறுத்திய என்னை, இந்தப் பெண்கள் வெல்லுவாள் என்று நம்பி, வேலையை விட்டு, லொறி பிடித்து வந்திருக்கிறார்கள். வென்றேன் என்றதும் ஒருத்தியும் ஆச்சரியப்படவில்லை, சந்தோஷப்பட்டார்கள். சிரித்த வாய் அப்படியே இருக்க, கண்ணால் தண்ணீர் வந்தது.

சத்தம் அடங்கும்வரை கூட்டம் நிறுத்தப்படுகிறது என்று ஆணையாளர் சொன்னார். கூட்டம் நடக்கும்போது பேச எனக்கு அனுமதி இல்லை. கூட்டம் நின்றிருக்கும்போது பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. நான் எழும்பினேன்.

"ரெண்டு பேரும் என்ர வீட்டை வந்தனீங்கள். வந்து ஒரு வாக்குத் தந்தனீங்கள். அதை இஞ்ச எல்லாருக்கும் முன்னால ஒருக்கா வாய்விட்டுச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு நான் ஆருக்குப் போடுறதெண்டு முடிவெடுக்கிறன்."

முதலாளி சட்டென்று எழும்பினார். "தங்கச்சி கேட்ட அந்த வசதி கட்டாயம் செய்து தரப்படும்."

"எந்த வசதி அண்ணை?"

"அதுதான்... பொம்பிளையளுக்கு அந்த... அடிப்படை வசதி."

"கக்கூஸ்" என்றேன் நான்.

மண்டபம் மறுபடி சிரித்தது. இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. "சிரியாதேங்கோ. என்ர மச்சாள் அந்தக் கடற்கரையில தண்ணி குடியாமல் இருந்து ரெண்டு தரம் ஆஸ்பத்திரியில கிடந்தவ. நீங்கள் சாப்பிடுற நண்டு அவ கழட்டின நண்டு" என்றேன். சிரிப்பு நின்றது.

அதிபர் மெதுவாக எழும்பினார். வழக்கம்போல் கண்ணாடியைக் கழற்றினார். பரிசீலனை வரப்போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"கக்கூஸ்" என்றார் அவர், வகுப்பில் சொல்வதெழுதல் சொல்கிறவர் போல. "பிள்ளை சொன்ன பிறகு நான் அந்தக் கரைக்குப் போனனான். உங்களிட்டைச் சொல்லேல்லை. நான் சீனி வருத்தக்காரன், தெரியுந்தானே. கொஞ்ச நேரம்தான் நிண்டனான். எனக்கே அடக்க ஏலாமல் போச்சு. பனங்கூடலுக்குள்ள ஒதுங்க மனம் வரேல்லை, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டை ஓடினனான்."

யாரும் சிரிக்கவில்லை. நாற்பது வருஷம் பிரம்போடு திரிந்த மனிதர் இதைச் சபையில் சொல்வார் என்று யார் நினைத்தது?

"மூண்டு விசயம் கேக்கோணும்" என்று அவர் என்னைப் பார்த்தார். "அங்க இருக்கிற கிணத்தில தண்ணி உப்பு. உப்புத் தண்ணியெண்டாலும் கழுவப் போதும், ஆனா தண்ணித் தாங்கி வைக்கோணும். கூட்டிக் கழுவிறதுக்கு ஆள் வேணும், சபைதான் சம்பளம் குடுக்கோணும். மூண்டாவது, கதவைப் பூட்டினால் திறப்பு ஆரிட்டை இருக்கும்? பக்கத்துக் கரையில முந்திக் கட்டின கட்டடத்துக்குள்ள இப்ப எஞ்சினும் வலையும் கிடக்கு. திறப்பு பொம்பிளையளிட்டைத்தான் இருக்கோணும். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

அந்த மனிதரைப் பற்றி நான் கட்டிய முடிவைத் தையல் பிரிப்பது போலப் பிரித்துப் போட்டேன். ஐஸ் முதலாளி நல்லவர்தான். ஆனால் சின்ன விஷயம் என்றவருக்குக் கேட்பதற்குக் கேள்வி ஒன்றும் இருக்கவில்லை.

கூட்டம் மறுபடி தொடங்கியது. எங்கள் குழுத் தலைவர் முதலாளிக்குப் போட்டார். எங்கள் ஆட்களில் மூன்று பேர் அவருக்குப் பின்னால் போனார்கள். ஐந்தாமவர் எங்கள் ஊர்ப் படகுக்காரர், அவருடைய மனுசியும் யன்னலுக்கு வெளியே நின்றாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு அதிபரின் பெயரைச் சொல்லிவிட்டு, "பிறகு வீட்டை போகோணுமெல்லோ" என்று மெதுவாகச் சொன்னார். இரண்டு பேருக்கும் பத்துப் பத்து. என் பெயர்தான் கடைசி. நான் எழும்பி அதிபரின் பெயரைச் சொன்னேன். பதினொன்று.

வெளியே வந்தபோது மச்சாள் ஓடிவந்து மாலையைப் போட்டாள்.

"மச்சாள், நான் தோத்துப்போனன்."

"விசர்க் கதை கதையாதை. சீட்டு உனக்குத்தானே விழுந்தது?"

"விழுந்த ஆளைத்தான் வெளியில விடுறதாம். இஞ்சத்தச் சட்டம் அப்பிடி."

அவள் என்னை, கந்தோரை, மறுபடி என்னைப் பார்த்தாள். "இதென்ன கோதாரிச் சட்டம்? வந்த பேரை வெளியில விடுறதெண்டால் பிறகென்னத்துக்குச் சீட்டு?" என்றாள். அதிபர் தவிசாளராகிவிட்டதையும், அவர் சபையில் சொன்னதையும் சொன்னேன். ஸ்கூட்டரில் ஓடிய கதைக்கு வந்தபோது பெண்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மச்சாள் என் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றினாள். படியிறங்கி வந்த அதிபரின் கழுத்தில் போட்டாள். "ஐயா, கட்டாட்டில் இதைத் திருப்பி வாங்க வருவம்" என்றாள். அவர் மாலையைப் பிடித்தபடி, "வாங்கோ, கட்டாயம் வாங்கோ" என்றார்.

கட்டி முடியக் கனகாலம் எடுத்தது. சீமெந்து வரவில்லை, பிறகு மேசன் வரவில்லை, பிறகு மழை வந்தது. அதிபர் மட்டும் ஸ்கூட்டரில் தவறாமல் வந்தார், ஆனால் நெடுநேரம் நிற்கமாட்டார். காரணம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் அவரைத் தடுக்கவில்லை. முடிந்த நாளில் சுவாமி வந்தார். கக்கூசை மந்திரிக்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, "படகை மந்திரிக்கிறன், எஞ்சினை மந்திரிக்கிறன், இதுக்கென்ன குறை?" என்று தீர்த்தம் தெளித்தார். திறப்பு மச்சாளின் கையில் கொடுக்கப்பட்டது. அதை அவள் செபமாலையோடு சேர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த நாள் விடிய நான் கரைக்குப் போனேன். எனக்கு அங்கே வேலை இல்லை, சும்மாதான் போனேன். படகுகள் வந்துவிட்டன. பெண்கள் வலையைச் சுற்றி உட்கார்ந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள். மச்சாள் வழக்கம்போல் பிளாஸ்க்கைத் திறந்து படகுக்காரர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். எல்லோருக்கும் ஊற்றியபிறகு பிளாஸ்க்கை மூடப்போனவள், நிறுத்தினாள். மூடியில் தனக்கும் ஊற்றினாள். என்னைப் பார்த்துக்கொண்டே, அவசரப்படாமல், கடைசி மிடறுவரை குடித்தாள். பிறகு இன்னொரு தரம் ஊற்றினாள்.